பாதிக் கருவியை விற்று முழுக் காசு வாங்குகிறார்கள்

நீளமான பதிவு. வள்ளம் வைத்திருப்பவர்களும், வள்ளத்துக்குக் கருவி விற்பவர்களும் கடைசி வரை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மற்றவர்கள் படித்தாலும் நஷ்டமில்லை.

"எக்கோ சவுண்டரெல்லாம் நம்ம கடலுக்குச் சரிப்படாது சார்."

பணி ஓய்வு பெற்ற நாளிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். வாங்கியவரும் சொல்கிறார், வாங்காதவரும் சொல்கிறார். விற்ற கடைக்காரரும் அதையே சொல்வதுதான் கொடுமை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கோணல் கடலில் இல்லை. பெரும்பாலும் கருவியிலும் இல்லை. கருவியின் சென்சாரை மாட்டிய இடத்தில் இருக்கிறது. எங்கே, எப்படி மாட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்காமல் கையில் பெட்டியைக் கொடுத்து அனுப்பியவர்களிடம் இருக்கிறது.

மன்னார் வளைகுடாக் கரையில் 31 வருடம் இயற்பியல் நடத்தியவன் நான். என்னிடம் எதிரொலிப் பாடம் படித்த பிள்ளைகள் பலர் இன்று ஃபைபர் வள்ளம் ஓட்டுகிறார்கள். சாயங்காலம் கடற்கரையில் நடக்கும்போது, கரையேற்றிக் கிடக்கும் வள்ளங்களின் பின்பலகையைக் குனிந்து பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. எஞ்சின் மாட்டும் அந்தப் பலகையில்தான் இந்தச் சென்சாரையும் மாட்டுகிறார்கள். கடைக்காரர்கள் அதை டிரான்ஸ்டியூசர் என்பார்கள். ஒரு வள்ளத்தில் அது எஞ்சின் காத்தாடியை ஒட்டி இருக்கிறது. இன்னொன்றில் வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. மற்றொன்றில் தண்ணீர் மட்டத்துக்கு அரையடி மேலே நிற்கிறது. இரும்புத் திருகாணி போட்டு, துரு வழிந்து, பலகை முழுக்கச் சிவந்து கிடப்பதும் உண்டு. ஒழுங்காக மாட்டியதை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இப்படி மாட்டிவிட்டு "மெஷின் பொய் சொல்லுது" என்றால் மெஷின் என்ன செய்யும்?

முதலில் பாடத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய வாத்தியார், விடமாட்டேன்.

அந்தச் சென்சாருக்குள் ஒரு சின்ன வில்லை இருக்கிறது. மின்சாரம் பட்டால் அது அதிரும், அதிர்வு பட்டால் மின்சாரம் தரும். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டுபிடித்தார்களே, அந்தச் சங்கதிதான். வில்லை அதிர்ந்து ஒலியைக் கீழே அனுப்புகிறது. ஒலி கடலடியில் பட்டுத் திரும்புகிறது. கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். 15 மீட்டர் ஆழமென்றால் போக வர 30 மீட்டர். அதற்கு ஆகும் நேரம் ஒரு விநாடியில் 50-இல் ஒரு பங்கு. அந்த நேரத்தை அளந்து, பாதியாக்கி, ஆழமாக மாற்றித் திரையில் காட்டுகிறது. இவ்வளவுதான் எக்கோ சவுண்டர்.

இதில் புதுமை எதுவுமில்லை. 1912-இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, பனிப்பாறையை ஒலியால் கண்டுபிடிக்க முடியுமா என்று ஆராய்ந்த அலெக்சாண்டர் பேம் என்ற ஜெர்மானியர், 1913-இலேயே ஒலியால் ஆழம் அளக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். நூறு வருடத்துக்கு மேலான வித்தை. அதை ஒரு மீனவனுக்கு அரைமணி நேரத்தில் சொல்லிக்கொடுக்க முடியாதா?

இப்போது முக்கியமான இடம். தண்ணீரில் போகும் ஒலிக்குப் பெரிய எதிரி காற்று. தண்ணீரிலிருந்து காற்றில் நுழையப் பார்க்கும் ஒலி கிட்டத்தட்ட முழுவதுமாகத் திருப்பி அடிக்கப்படும். சென்சாரின் முகத்துக்குக் கீழே குமிழிப் படலம் ஓடினால், ஒலி கடலடிக்கே போய்ச் சேராது. போய்த் திரும்பினாலும் உள்ளே வராது. வள்ளம் நிற்கும்போது சரியாகக் காட்டுகிறது, வேகம் எடுத்தால் எண் காணாமல் போகிறது என்று சொல்கிறார்களே, அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். வேகம் எடுத்தவுடன் பின்பலகைக்குக் கீழே நுரை கிளம்புகிறது. சென்சார் அந்த நுரைக்குள் உட்கார்ந்திருக்கிறது. நுரைக்குள் உட்கார வைத்துவிட்டு அடியைப் பார் என்றால் எப்படிப் பார்க்கும்?

அதனால்தான் இடம் முக்கியம். காத்தாடியிலிருந்து குறைந்தது 15 அங்குலமாவது தள்ளி இருக்க வேண்டும். வழக்கமான ஒற்றை எஞ்சினில், பின்னாலிருந்து பார்த்தால் காத்தாடி கடிகார முள் போலச் சுற்றும். அதன் இலைகள் வலப்பக்கம் கீழே இறங்கும், இடப்பக்கம் மேலே ஏறும். இறங்கும் பக்கத்தில் குமிழி குறைவு. ஆகவே அணியத்தைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் மாட்ட வேண்டும். எதிர்த் திசையில் சுற்றும் எஞ்சினென்றால் இடப்பக்கம். வள்ளத்தின் அடியில் நீளவாக்கில் ஓடும் வரம்புகளுக்கு நேர் பின்னால் மாட்டக்கூடாது. தண்ணீர் வெளியேறும் ஓட்டைக்குப் பின்னாலும் கூடாது. அந்த இடங்களிலெல்லாம் தண்ணீர் கிழிந்து நுரைத்துத்தான் வரும். வழவழப்பான அடிப்பாகத்தைத் தழுவி வரும் தண்ணீர்தான் நமக்கு வேண்டும்.

உயரமும் அப்படியே. ஃபைபர் வள்ளத்தில் சென்சாரின் முகம் பின்பலகையின் கீழ் விளிம்புக்குக் கீழே சுமார் 3 மில்லிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். மேலே நின்றால் நுரையில் மாட்டும். அதிகம் இறங்கினால் தண்ணீரைக் கிழித்து அதுவே நுரை கிளப்பும். வள்ளம் மிதக்கும் நிலையில் அதன் முகம் நேர் கீழே பார்க்க வேண்டும். சாய்ந்திருந்தால் ஒலி சாய்வாகப் போய்ச் சாய்வாக வரும். அல்லது வராமலே போகும்.

முதல் நாளே துளை போடக்கூடாது. ஒரு பலகைத் துண்டில் சென்சாரைக் கட்டி, பின்பலகையில் கவ்விபோட்டு இறுக்கி, கடலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நின்ற நிலையில், மெதுவான ஓட்டத்தில், பிறகு கொஞ்சங்கொஞ்சமாக வேகம் கூட்டி. எண் எங்கே தொலைகிறது என்று பார்த்து, இரண்டு மூன்று மில்லிமீட்டராக இறக்கி மறுபடி ஓட்ட வேண்டும். சரியான இடம் கிடைத்த பிறகுதான் துளைப்பான் கையில் வரவேண்டும். இதற்கு ஒரு காலைப்பொழுது போதும். அந்த ஒரு காலைப்பொழுதைத்தான் யாரும் கொடுப்பதில்லை.

துளை என்றதும் இன்னொரு கோபம் வருகிறது. நம் ஃபைபர் வள்ளங்களில் பல, பின்பலகைக்கு உள்ளே பிளைவுட் வைத்துச் செய்தவை. வெளியே பார்த்தால் ஃபைபர், உள்ளே மரம். அடைப்புப் பசை போடாமல் திருகாணி இறக்கினால், அந்த வழியாகக் கடல்நீர் மரத்துக்குள் போய்ச் சேரும். வெளியே ஒன்றும் தெரியாது. மரம் உள்ளுக்குள் ஊறி மக்கும். அந்தப் பலகையில்தான் 40 கிலோ அளவுக்கு எடையுள்ள எஞ்சின் தொங்கிக்கொண்டு, தினமும் அதிர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு நாள் நடுக்கடலில் பலகை இளகினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு டியூப் கடல்சார் அடைப்புப் பசையும் நாலு துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியும் வாங்கியிருந்தால் தடுத்திருக்கக்கூடிய சேதம் இது. துளையின் வாயை முதலில் லேசாகக் குடைந்துகொண்டால் மேல்பூச்சு விரிசல் விடாது. ஆழம் மீறாமலிருக்கத் துளைப்பானில் ஒரு நாடாவைச் சுற்றிக்கொள்ளலாம். தச்சு வேலை தெரிந்த யாருக்கும் இது கைவந்த கலை. சொன்னால்தானே செய்வார்கள்.

"மானுவலில் எல்லாம் போட்டிருக்கு சார், படிச்சுப் பார்த்துக்கணும்" என்று ஒரு கடைக்காரர் என்னிடமே சொன்னார். மானுவலைப் பிரித்துப் பார்த்தேன். ஆங்கிலம் இருந்தது, வேறு பல நாட்டு மொழிகளும் இருந்தன. தமிழ் இல்லை. ஏழாயிரம் எட்டாயிரம் ரூபாய்க்கு விற்கும் கைப்பேசியில் தமிழ் வருகிறது. உயிரைக் காக்கும் கருவிக்கு ஒரு பக்கம் தமிழில் அச்சடிக்க முடியவில்லையாம்.

சரி, ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவனே படிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அந்த மானுவல் யாருடைய படகுக்காக எழுதப்பட்டது? படகுத்துறையில் கட்டி வைக்கிற, வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோகிற படகுக்காக. நம் வள்ளம் அலையில் ஏறி மணலில் இறங்குகிற வள்ளம். ஆளும் பேருமாகத் தள்ளி, இழுத்து, கரையேற்றுகிற வள்ளம். அடிவிளிம்புக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் சென்சார் முதல் நாளே மணலில் மாட்டிப் பிய்ந்து போகும். பிய்ந்து போகாமலிருக்க நம் பிள்ளைகள் அதை அரையடி மேலே தூக்கி மாட்டுகிறார்கள். மேலே மாட்டினால் நுரை. நுரையென்றால் எண் வராது. கடைசியில் பழி கடலுக்கு!

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கரையேறும்போது மேலே மடக்கிக்கொள்ளும் கைப்பிடியில் மாட்டலாம். இல்லையென்றால் சென்சாரை வள்ளத்துக்கு உள்ளேயே, அடித்தளத்தில் எபாக்சி பசை வைத்து ஒட்டிவிடலாம். ஒலி ஃபைபரைத் துளைத்துக்கொண்டு போகும். ஆனால் இரண்டு நிபந்தனை. அந்த இடத்தில் அடித்தளம் கெட்டியான ஒற்றை ஃபைபராக இருக்க வேண்டும். நடுவில் மரமோ தெர்மோகோல் போன்ற பஞ்சுப்பொருளோ இருந்தால் ஒலி போகாது. பசையில் ஒரு குமிழிகூட இருக்கக்கூடாது. மறுபடியும் அதே எதிரி, காற்று. ஒட்டுவதற்கு முன் அந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தேக்கி, சென்சாரை அதில் வைத்துப் பார்த்தால் சரியாகக் காட்டுகிறதா என்று தெரிந்துவிடும். ஒலி கொஞ்சம் பலம் குறையும். நம் கரையோர ஆழத்துக்கு அது பெரும்பாலும் போதும். கரையேற்றும் வள்ளத்துக்கு இதுதான் சரியான யோசனை என்பது என் கட்சி. இதைச் சொல்லி விற்கும் ஒரு கடையைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை.

இதையெல்லாம் ஏதோ பொழுதுபோக்குக்காக எழுதவில்லை. என் பழைய மாணவன் ஒருவன், இருட்டில் தீவுப் பக்கமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தான். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப் பார்கள். திரையில் 6 என்று எண் மின்னி மின்னி எரிந்தது. ஆறு மீட்டர் இருக்கிறது, மூன்று பாகத்துக்கு மேல் என்று நம்பி முடுக்கினான். எஞ்சின் பாரில் இடித்தது. காத்தாடி போனது, எஞ்சின் கால் உடைந்தது, கூட வந்தவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. கடைக்குப் போய்க் கேட்டால், "நீ ஓட்டினது தப்பு" என்று பதில்.

மின்னுகிற எண்ணுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? பல கருவிகளில் அதற்கு "அடியைத் தொலைத்துவிட்டேன், இது நான் கடைசியாகப் பார்த்த ஆழம்" என்று அர்த்தம். கருவி உண்மையைத்தான் சொன்னது. அது என்ன சொல்கிறது என்று அவனுக்குச் சொல்ல ஆளில்லை. சென்சார் நுரையில் இருந்ததால் அடி தொலைந்தது. அடி தொலைந்ததை அவன் ஆழம் என்று படித்தான். ஆழமே தெரியவில்லை என்றால் மீனவன் மெதுவாக வருவான். தப்பான ஆழம் தெரிந்தால்தான் முடுக்குவான். அதனால்தான் சொல்கிறேன், தப்பாக மாட்டிய கருவியைவிடக் கருவியே இல்லாதது மேல்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கருவி காட்டுவது சென்சாரிலிருந்து கடலடி வரையிலான ஆழம். எஞ்சினின் கால் சென்சாருக்கும் கீழே போகிறது. அது இரண்டடி இறங்கியிருந்தால், திரையில் ஒரு மீட்டர் என்று காட்டும்போது காத்தாடிக்குக் கீழே ஒரு முழம்கூட இருக்காது. அந்த வித்தியாசத்தைக் கருவியிலேயே பதிந்துவைக்க வசதி இருக்கிறது. பதிந்துவைத்த ஒரு வள்ளத்தைக் காட்டுங்கள், நான் என் வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

"மீனவங்களுக்கு இதெல்லாம் சொன்னா புரியாது சார்" என்று ஒரு படித்தவர் சொன்னார். அவருக்கு என் பதில் இதுதான். கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் ஒரு கோட்டில் வைத்து, கண்ணுக்குத் தெரியாத பாரை நடுக்கடலில் கண்டுபிடிக்கிற மனிதனுக்கு, காற்றுக்குமிழி ஒலியைத் தடுக்கும் என்பது புரியாதா? வலையின் மிதவையையும் ஈயத்தையும் கை எடையில் சமன் செய்கிறவனுக்கு 3 மில்லிமீட்டர் புரியாதா? புரியாமல் இருப்பது அவனுக்கல்ல. சொல்லத் தெரியாதவர்கள் கேட்பவனுக்குப் புரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். வகுப்பறையில் இப்படிப் பேசிய ஆசிரியர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. நகரத்தில் உட்கார்ந்துகொண்டு, "நம் முன்னோர் கருவி இல்லாமலே கடலை அளந்தார்கள், இந்த மெஷினெல்லாம் எதற்கு?" என்று எழுதுகிறவர்கள். முன்னோர் கருவி இல்லாமல் அளக்கவில்லை ஐயா. கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கி, கையால் பாகம் பாகமாக அளந்தார்கள். அது கருவிதான். அந்தக் கயிறு நனைந்தால் நீளம் மாறும், நீரோட்டத்தில் சாயும் என்று அவர்களுக்குத் தெரியும். அதற்கேற்பக் கணக்குப் போட்டார்கள். தன் கருவி எங்கே பொய் சொல்லும் என்று தெரிந்துவைத்திருந்ததுதான் அவர்களுடைய அறிவு. அந்த அறிவைத்தான் புதுக் கருவிக்கும் கேட்கிறேன். அந்த ஈயக்குண்டைத் தூக்கி எறியவும் வேண்டாம். கருவியை மாட்டிய அன்று அது காட்டும் ஆழம் சரியா என்று சோதிக்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஆகவே, என் கோரிக்கைகள்.

ஒன்று: விற்கிறவர் மாட்டித்தர வேண்டும், அல்லது மாட்டும் விதத்தைச் செய்து காட்ட வேண்டும். கடலில் ஓட்டி, வேகத்திலும் ஆழம் காட்டுகிறது என்று நிரூபித்த பிறகே கடைசித் தவணையை வாங்க வேண்டும். வாங்குகிறவர்களே, முழுப் பணத்தையும் கடையில் எண்ணி வைக்காதீர்கள். மானியத்தில் வந்தாலும் சரி, கைக்காசில் வாங்கினாலும் சரி, மாட்டித்தருவது விலைக்குள் அடக்கம் என்று கேட்டு வாங்குங்கள்.

இரண்டு: தமிழில் ஒரே ஒரு பக்கம். எங்கே மாட்ட வேண்டும், எங்கே மாட்டக்கூடாது, எண் மின்னினால் என்ன அர்த்தம், எஞ்சின் கால் கணக்கை எப்படிப் பதிவது. படத்தோடு, தண்ணீரில் நனையாத தாளில். இதற்குக் கோடி ரூபாய் திட்டம் தேவையில்லை.

மூன்று: கரையேற்றும் வள்ளங்களுக்கு என்ன முறை பொருந்தும் என்று, பயிற்சி கொடுக்கும் இடங்களில் வள்ளத்தை வைத்தே சொல்லிக்கொடுக்க வேண்டும். திரையில் படம் ஓட்டிக்காட்டி, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்புவதற்குப் பெயர் பயிற்சி இல்லை.

நான்கு: கரையோரப் பள்ளிகளில் இருக்கும் இயற்பியல் ஆசிரியர்களுக்கு. எதிரொலிப் பாடம் நடத்தும் அன்று பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போங்கள். ஒரு வள்ளத்தின் பின்பலகையைக் காட்டுங்கள். "இந்தச் சென்சார் சரியான இடத்தில் இருக்கிறதா, இல்லையென்றால் ஏன்?" என்று கேளுங்கள். வகுப்பில் பாதிப் பேரின் அப்பாவுக்கு அன்று சாயங்காலமே பாடம் போய்ச் சேர்ந்துவிடும்.

கடைக்கார நண்பர்கள் சிலர் இதைப் படித்துவிட்டுக் கோபப்படக்கூடும். கோபப்படட்டும். ஒழுங்காக மாட்டித்தருகிற கடை இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், அந்த வள்ளத்தை வந்து பார்த்துவிட்டு நானே அதைப் பாராட்டித் தனிப்பதிவு போடுகிறேன். மாட்டித்தராத கடையென்றால், இனிமேல் தயவுசெய்து கடலைக் குறை சொல்லாதீர்கள்.

வள்ளம் வைத்திருக்கிற பிள்ளைகளே, நாளைக்குக் கடலுக்குப் போகும் முன் ஒரு தடவை குனிந்து உங்கள் பின்பலகையைப் பாருங்கள். சந்தேகமிருந்தால் படம் எடுத்து உள்பெட்டியில் அனுப்புங்கள். வாத்தியார் சும்மாதான் இருக்கிறேன்.